ரிப்போர்ட்டுக்கு அடுத்த வாசல்

இருபதாவது வாரத்து அனாமலி ஸ்கேன் முடிந்து ஒரு பெண் வெளியே வருகிறாள். செய்யாறு பக்கத்துக் கிராமம், முதல் கர்ப்பம் என்று வைத்துக்கொள்வோம். வயிற்றில் தடவிய ஜெல்லின் ஈரம் புடவையில் ஒட்டியிருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமியார் எழுந்து வருகிறார்.

"என்னம்மா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை அத்தை. ரொம்ப நேரம் பார்த்தாங்க. இன்னொரு டாக்டரம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினாங்க."

அரை மணி நேரத்தில் உறை கைக்கு வருகிறது. படங்கள், அளவுகள், கடைசியில் இரண்டு வரி ஆங்கிலம். இதயத்திலிருந்து கிளம்பும் பெருங்குழாய்கள் இயல்பான அமைப்பில் தெரியவில்லை. கருவின் இதயத்துக்கு எக்கோ எடுக்கவும். உயர்நிலை மையத்தில் ஆலோசனை பெறவும். கணவன் கவுன்டரில் குனிந்து கேட்கிறான், "இதை எடுத்துக்கிட்டு எங்க மேடம் போகணும்?" உள்ளேயிருந்து பதில் வருகிறது: "உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க சார்."

"உங்க டாக்டர்" இருப்பது ஆரம்ப சுகாதார நிலையத்தில். கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாள் அடுத்த செவ்வாய். அவர் பார்த்துவிட்டு ஜி.எச்.சுக்கு எழுதித் தருகிறார். ஜி.எச்.சில் மகப்பேறு ஓ.பி.யில் வரிசை, அங்கே ஒரு முறை திரும்ப ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்கிறார்கள், அதற்கொரு தேதி. பிறகு "மெட்ராஸ் போயிடுங்க" என்கிறார்கள். மெட்ராஸில் எங்கே? பிரசவ ஆஸ்பத்திரியா, இதய ஆஸ்பத்திரியா, குழந்தைகள் ஆஸ்பத்திரியா? வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளைக்கு எந்த ஓ.பி.யில் சீட்டு போடுவது? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வாரம் போகிறது. இருபதாவது வாரத்தில் கிடைத்த செய்தி இருபத்து நான்காவது வாரத்தில்தான் அதைப் புரிந்துகொள்ளும் மருத்துவரின் மேஜைக்குப் போய்ச் சேருகிறது.

இந்தக் கதையில் யாரும் கெட்டவர்கள் இல்லை. இயந்திரம் சரியாகப் பார்த்தது. பார்த்த மருத்துவர் சரியாக எழுதினார். எழுதியதற்கும் சிகிச்சைக்கும் நடுவே இருக்கிற பாதைதான் காணாமல் போனது. கருவின் ஸ்கேன் பற்றி எழுதுகிற எல்லோரும் இயந்திரத்தின் கூர்மையைப் பற்றியே எழுதுகிறோம். இந்த அத்தியாயத்தில் அந்தப் பாதையைப் பற்றி எழுத விரும்புகிறேன். அதுவும் அறிவியல்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

மகப்பேறு ஸ்கேனின் கதையே ஒரு பெண்ணைச் சரியான துறைக்கு அனுப்பியதில் தொடங்கியது என்று சொல்லலாம். 1950களில் கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவர், கப்பல் கட்டும் தொழிற்சாலைகளில் உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் மீயொலிக் கருவியை மனித வயிற்றில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வயிறு வீங்கி உடல் இளைத்துப்போன ஒரு பெண் அவரிடம் கொண்டுவரப்பட்டார். வயிற்றுப் புற்றுநோய், அறுவை சிகிச்சைக்கு வழியில்லை என்று முன்பே முடிவுகட்டியிருந்தார்கள். டொனால்டின் கருவி வேறொன்றைக் காட்டியது: தெளிவான விளிம்புள்ள ஒரு பெரிய நீர்க்கட்டி. சூலகத்தில் வளர்ந்த அந்தக் கட்டியை வெட்டி எடுத்தார்கள், அவர் பிழைத்துக்கொண்டார். டொனால்டும் ஜான் மெக்விகரும் பொறியாளர் டாம் பிரவுனும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1958இல் லான்செட் இதழில் வந்தது. அந்தப் பெண்ணுக்கு ஸ்கேன் கொடுத்தது மருந்தில்லை. சாவை எதிர்பார்த்துக் கிடந்தவரை அறுவை அரங்குக்கு அனுப்பியது, அவ்வளவுதான். அதுவே போதுமானதாக இருந்தது.

1994இல் செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் பிரசவத்தில் தாய்மார் இறப்பது ஏன் என்று ஆராய்ந்து மூன்று தாமதங்களைப் பிரித்துக் காட்டினார்கள். போகலாமா வேண்டாமா என்று வீட்டில் முடிவெடுக்கும் தாமதம் முதலாவது. மருத்துவமனை போய்ச் சேரும் தாமதம் இரண்டாவது. போய்ச் சேர்ந்தபின் தகுந்த சிகிச்சை கிடைக்கும் தாமதம் மூன்றாவது. பொதுச் சுகாதாரம் படிப்பவர்கள் எல்லோருக்கும் இது மனப்பாடம். தமிழ்நாட்டில் முதல் இரண்டு தாமதங்களும் வெகுவாகக் குறைந்திருக்கின்றன. கர்ப்பத்தைப் பதிவுசெய்து பிக்மி எண் வாங்காத பெண் அரிது. கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கே வருகிறார். கூப்பிட்டால் 108 ஆம்புலன்ஸ் வருகிறது. மிச்சமிருப்பது மூன்றாவது. ஸ்கேனில் சந்தேகம் வந்த பெண்ணுக்கு அந்த மூன்றாவது தாமதம், தவறான வாசலில் சரியான வரிசையில் நிற்பதாக உருமாறி வருகிறது.

சரியான வாசல் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? உறுப்பின் பெயரை வைத்து முடிவு செய்வது நம் வழக்கம். இதயம் என்றால் இதய மருத்துவர், சிறுநீரகம் என்றால் சிறுநீரக மருத்துவர். கருவுக்கு இந்தக் கணக்கு சரிவராது. ஒரே உறுப்பில் இரண்டு கோளாறுகள் வெவ்வேறு மருத்துவமனைகளைக் கேட்கும். கேட்க வேண்டியது, நம்மிடம் எவ்வளவு நேரம் இருக்கிறது, ஆபத்து யாருக்கு என்பவை. தாய்க்கா, கருவுக்கா, பிறந்தபின் குழந்தைக்கா? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் ஊரும் கட்டிடமும் தானாகத் தெரிந்துவிடும்.

நம் செய்யாற்றுப் பெண்ணின் ரிப்போர்ட்டுக்கே வருவோம். பெருங்குழாய்கள் இடம் மாறிய இதயம் என்று எடுத்துக்கொள்வோம். இயல்பான இதயத்தில் உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் மகாதமனி இடப்பக்கக் கீழறையிலிருந்து கிளம்பும். நுரையீரலுக்குப் போகும் தமனி வலப்பக்கக் கீழறையிலிருந்து. சில கருக்களில் இரண்டும் இடம் மாறிக்கொள்கின்றன. விளைவாக ரத்தம் இரண்டு தனித்தனி வட்டங்களில் ஓடுகிறது. உடம்பிலிருந்து வந்த கெட்ட ரத்தம் திரும்ப உடம்புக்கே போகிறது; நுரையீரலில் பிராணவாயு ஏற்றிக்கொண்ட நல்ல ரத்தம் திரும்ப நுரையீரலுக்கே போகிறது. வயிற்றுக்குள் இருக்கும்வரை இதனால் ஒரு குறையும் இல்லை. பிராணவாயு நஞ்சுக்கொடி வழியாக வருகிறது. கருவின் இதயத்தில் இயற்கையாகவே இருக்கும் இரண்டு வழிகள், மேலறைகளுக்கு நடுவே ஒரு துளை, தமனிகளுக்கு நடுவே ஒரு குறுக்குக் குழாய், இரண்டு வட்டங்களையும் கலக்கவிடுகின்றன. குழந்தை அழகாக வளர்கிறது, உதைக்கிறது, மூன்று கிலோ எடையில் பிறக்கிறது. பிறந்த சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் அந்தக் குறுக்குக் குழாய் சுருங்கி மூடிக்கொள்ளும். எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படித்தான் மூடும். இந்தக் குழந்தைக்கு மட்டும் அது மூடினால் உதடு நீலமாகிறது.

இதற்குச் சிகிச்சை இருக்கிறது, நல்ல சிகிச்சை. புரோஸ்டாகிளாண்டின் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினால் குழாய் திறந்தே இருக்கும். 1966இல் வில்லியம் ராஷ்கிண்ட் காட்டிய முறைப்படி, ரத்தக்குழாய் வழியாக ஒரு சிறு பலூனை இதயத்துக்குள் செலுத்தி மேலறைகளின் நடுச்சுவரைக் கிழித்து வழியை அகலமாக்கலாம். 1975இல் பிரேசிலில் அடிப் ஜடேன் வெற்றிகரமாகச் செய்துகாட்டிய அறுவையில் இரண்டு குழாய்களையும் வெட்டி, மாற்றித் தைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் செய்கிற அறுவை அது. அதைத் தாண்டிவிட்ட குழந்தைகளில் மிகப் பெரும்பாலானோர் பள்ளிக்கூடம் போகிறார்கள், ஓடியாடுகிறார்கள்.

இத்தனையும் குழந்தை எங்கே பிறக்கிறது என்பதைப் பொறுத்தது. பாரிஸில் டேமியன் பொனேயும் உடன்பணியாளர்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வை இந்த அத்தியாயத்தின் நடுத்தூண் என்றே சொல்வேன். இதே கோளாறோடு பிறந்த 318 குழந்தைகளை அவர்கள் பார்த்தார்கள். 68 பேருக்கு வயிற்றிலேயே தெரிந்திருந்தது. 250 பேருக்குப் பிறந்த பிறகுதான் தெரிந்தது. பின்னவர்கள் பிறந்து சராசரியாக 73 மணி நேரம் கழித்து இதயப் பிரிவுக்கு வந்து சேர்ந்தார்கள். முன்னவர்கள் சராசரியாக 2 மணி நேரத்தில். 250 பேரில் 15 பேர் அறுவை அரங்கை எட்டும் முன்பே இறந்தார்கள். எட்டிய 235 பேரில் 20 பேர் அறுவைக்குப் பிறகு இறந்தார்கள். அந்த 68 பேரில் ஒருவர்கூட இறக்கவில்லை.

இந்த எண்களை நிதானமாகப் பாருங்கள். இரண்டு கூட்டத்துக்கும் நோய் ஒன்று, மருந்து ஒன்று, அறுவை ஒன்று. மாறியது தகவல் வந்த நேரமும் பிறந்த இடமும். பச்சிளங்குழந்தை மருத்துவர்கள், குழந்தைக்குத் தாயின் வயிற்றைவிடச் சிறந்த ஆம்புலன்ஸ் கிடையாது என்பார்கள். புரோஸ்டாகிளாண்டின் ஏறும் குழந்தைக்கு மூச்சு நின்றுபோகலாம்; வென்டிலேட்டரோடு, நடுராத்திரியில், நெடுஞ்சாலையில் அதைக் கொண்டுபோவதைக் காட்டிலும், ஒரு மாதம் முன்னால் அம்மாவைப் பஸ்ஸில் அழைத்துப்போய் அந்த ஊரிலேயே தங்கவைப்பது பாதுகாப்பானது, செலவும் குறைவு.

ஆகவே நம் பெண்ணுக்கு வேண்டிய வாசல் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக. முதலில் கருவின் இதய எக்கோ எடுக்கத் தெரிந்த குழந்தை இதய மருத்துவர் அல்லது ஃபீட்டல் மெடிசின் மருத்துவர், இந்த வாரத்துக்குள். பிறகு பிரசவத்துக்கு, குழந்தை இதய அறுவைப் பிரிவை எட்டும் தூரத்தில் வைத்திருக்கும் மருத்துவமனை. பெரியவர்களுக்கு ஆஞ்சியோ செய்யும் பெரிய இதய ஆஸ்பத்திரி இதற்கு உதவாது. பேரைப் பார்த்து அங்கே போய் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு விஷயமும் இங்கே சொல்லிவிட வேண்டும். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 8 முதல் 10 பேருக்கு ஏதாவது ஓர் இதயக் குறை இருக்கிறது. ஸ்கேனில் இதயத்தின் நான்கு அறைகளை மட்டும் பார்த்தால் குழாய் இடம் மாறிய இதயம் இயல்பானதாகவே தெரியும். குழாய்கள் கிளம்பும் இடத்தையும், மேலே மூன்று ரத்தக்குழாய்கள் வரிசையாகத் தெரியும் காட்சியையும் பார்த்தால்தான் அகப்படும். நம் பெண்ணுக்கு ஸ்கேன் பார்த்தவர் அந்தக் கூடுதல் சில நிமிடங்களைச் செலவழித்திருக்கிறார். அவர் கண்டுபிடித்தது கவுன்டரில் வீணாகக் கூடாது.

ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும் இரண்டு படங்கள் இரண்டு திசையில் அனுப்புவதற்கும் ஓர் உதாரணம் உண்டு. கருவின் குடல் வயிற்றுக்கு வெளியே தெரிகிறது. தொப்புள்கொடிக்கு வலப்பக்கம் ஓர் ஓட்டை வழியாக, மேலே உறையே இல்லாமல் பனிக்குட நீரில் குடல் மிதந்தால் அது ஒன்று. தொப்புள்கொடிக்குள்ளேயே, மெல்லிய சவ்வுப் பைக்குள் இருந்தால் அது வேறொன்று. முதல் வகையில் பெரும்பாலும் குரோமோசோமில் கோளாறு இருக்காது. பிறந்த உடனே குடலைச் சுத்தமான பிளாஸ்டிக் உறையில் பொதிந்து, சில மணி நேரத்தில் குழந்தை அறுவை மருத்துவர் கையில் ஒப்படைக்க வேண்டும். அதனால் பிரசவ இடம்தான் முதல் கேள்வி. இரண்டாவது வகையில் குரோமோசோம் கோளாறும் இதயக் குறையும் கூடவே வருவது அதிகம். அவசரமாகக் குழந்தை அறுவை மருத்துவரிடம் ஓடுவதற்கு முன்னால் மரபணு ஆலோசனையும், பனிக்குட நீர் பரிசோதனையும், இதய எக்கோவும் வேண்டும். "குடல் வெளியே இருக்கிறது" என்று மட்டும் எழுதியனுப்பினால் இந்தப் பிரிவினை தொலைந்துவிடும். சென்னை எழும்பூரில் 1844இல் தொடங்கிய தாய்சேய் நல மருத்துவமனையும் குழந்தைகள் நல மருத்துவமனையும் நடந்துபோகும் தூரத்தில் இருப்பது இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு எவ்வளவு பெரிய வசதி என்று, அம்மா ஓர் ஊரிலும் பிள்ளை இன்னோர் ஊரிலும் கிடந்து பால் பீய்ச்சி அனுப்பிய வீடுகளுக்குத் தெரியும்.

நேரத்தை வாரக் கணக்கில் எண்ணக்கூடாத சந்தேகங்கள் சில உண்டு. ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் இரட்டையர் அதில் முதல் இடம். 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில், இரண்டு பனிக்குடங்களைப் பிரிக்கும் சவ்வு நஞ்சுக்கொடியைத் தொடும் இடத்தைப் பார்த்தால், நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்று தெரிந்துவிடும். தடித்த முக்கோணமாகத் தெரிந்தால் இரண்டு. ஆங்கில டி எழுத்தைப் போல நேராக வந்து முட்டினால் ஒன்று. வாரம் ஏற ஏற இந்த அடையாளம் மங்கிவிடும். ஒன்று என்றால் பதினாறாவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுத்தாக வேண்டும். ஏனென்றால் இப்படிப்பட்ட கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்தில், ஒரு பிள்ளையின் ரத்தம் இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கும். கொடுக்கிற பிள்ளையைச் சுற்றி நீர் வற்றுகிறது. வாங்குகிற பிள்ளையின் இதயம் சுமை தாங்காமல் திணறுகிறது. கவனிக்காமல் விட்டால் பெரும்பாலும் இரண்டும் போய்விடும். நஞ்சுக்கொடியின் மேற்பரப்பில் இணைந்திருக்கும் ரத்தக்குழாய்களை லேசரால் சுட்டு அடைப்பதுதான் இதற்குச் சிகிச்சை. 2004இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், லேசர் செய்துகொண்டவர்களில் 76 சதவீதத்தினருக்குக் குறைந்தது ஒரு குழந்தையாவது 28 நாள் தாண்டி உயிரோடிருந்தது. அதிகப்படி நீரை மட்டும் எடுத்துவிட்டவர்களில் 56 சதவீதம். லேசர் செய்யும் மையங்கள் நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. இங்கே "அடுத்த செவ்வாய் வாங்க" என்ற சொல் ஓர் உயிரின் விலை. அன்றைக்கே தொலைபேசியை எடுத்து அந்த மையத்தைக் கூப்பிட்டுப் பேச வேண்டிய ரிப்போர்ட் இது.

ஆபத்து பிள்ளைக்கு இல்லாமல் தாய்க்கே இருக்கிற ரிப்போர்ட்டும் உண்டு. முன்பு சிசேரியன் ஆன பெண்ணுக்கு, நஞ்சுக்கொடி கருப்பையின் வாயை மறைத்துக்கொண்டு, பழைய தழும்பின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது என்றால் அது தழும்புக்குள் வேர்விட்டிருக்கலாம். 2006இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று இதை எண்ணில் காட்டியது: நஞ்சுக்கொடி வாயை மறைத்திருக்கும் பெண்களில், முன்பு ஒரு சிசேரியன் ஆனவர்களில் 11 சதவீதம் பேரிடமும், இரண்டு ஆனவர்களில் 40 சதவீதம் பேரிடமும் அது வேர்விட்டிருந்தது. பிரசவத்தில் அதைப் பிய்த்தால் ரத்தம் நிற்காது. பல நேரம் கருப்பையையே எடுக்க வேண்டியிருக்கும். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். ஆகவே இந்தப் படம் இனி நம் ஊர்களில் அடிக்கடி வரும். இந்தப் பெண்ணுக்கு வேண்டியது பச்சிளங்குழந்தை நிபுணரைவிட முன்னதாக ஒரு ரத்த வங்கி. மயக்க மருத்துவர், சிறுநீர்ப்பை அறுவை மருத்துவர், இரவிலும் இயங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவு. "பேபி நார்மல்" என்று ரிப்போர்ட்டில் படித்து நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பேபி நார்மல்தான். அம்மாவுக்குத்தான் வேறு ஆஸ்பத்திரி வேண்டும்.

மறுமுனைக்குப் போனால் ஆறாவது, ஏழாவது வாரம். நாள் தள்ளிப்போயிருக்கிறது, வீட்டில் செய்த பரிசோதனையில் இரண்டு கோடு, அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி. ஸ்கேனில் கருப்பைக்குள் ஒன்றும் தெரியவில்லை. நாள் கணக்குத் தப்பியிருக்கலாம், கரு கலைந்திருக்கலாம், அல்லது கருக்குழாயில் தங்கியிருக்கலாம். நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டு கருப்பைக்கு வெளியே தங்குகிறது, அதில் மிகப் பெரும்பாலும் கருக்குழாயில். குழாய் வெடித்தால் ரத்தம் வெளியே தெரியாமல் வயிற்றுக்குள்ளேயே கொட்டும். சில பெண்களுக்குத் தோள்பட்டையில் வலிக்கும். தோள்வலி என்று எலும்பு ஓ.பி.யிலும், வாயு என்று பொது மருத்துவத்திலும், குடல்வால் என்று அறுவைப் பிரிவிலும் உட்கார்ந்திருந்துவிட்டுக் கடைசியில் ஸ்ட்ரெச்சரில் வந்தவர்கள் உண்டு. கருப்பைக்குள் ஒன்றும் தெரியவில்லை என்ற ரிப்போர்ட்டோடு வலியும் இருந்தால் அன்றே மகளிர் மருத்துவரிடம் போக வேண்டும், ரத்தத்தில் ஹெச்.சி.ஜி. அளவு பார்த்து, 48 மணி நேரத்தில் திரும்பவும் பார்க்க வேண்டும். மயக்கம் வந்தால் ஓ.பி.க்குப் போகவே கூடாது, 108.

பிரிட்டனில் இந்த ஆரம்ப வாரத்துப் பெண்கள் அவசரப் பிரிவிலும் பிரசவ வார்டிலும் அலைந்துகொண்டிருந்ததைப் பார்த்து, குளோஸ்டர் நகர மருத்துவமனையில் இவர்களுக்கென்று தனி வாசல் ஒன்றைத் திறந்தார்கள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மருத்துவர் எல்லாம் ஒரே இடத்தில். பிக்ரிக், ரீட் என்ற இருவர் 1991இல் அதன் பலனை எழுதினார்கள்: வீணாக வார்டில் சேர்ப்பது குறைந்தது, செலவு குறைந்தது. பிறகு இந்த ஏற்பாடு நாடு முழுதும் பரவியது. பிள்ளை இழந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணை, பிறந்த குழந்தைகளின் அழுகை கேட்கும் பெஞ்சில் உட்காரவைக்காமல் இருப்பதும் அதில் அடக்கம். எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.

இருபது வாரத்து ஸ்கேனுக்கும் இங்கிலாந்தில் நாள் எண்ணி வைத்திருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் உள்ளூர் நிபுணரை 3 வேலை நாட்களுக்குள் பார்த்துவிட வேண்டும். ஃபீட்டல் மெடிசின் மையத்துக்கு அனுப்பினால் 5 வேலை நாட்களுக்குள். அந்த எண்களின் நற்பயன், "எப்போது?" என்று கேட்க அந்தப் பெண்ணுக்கு ஓர் உரிமை கிடைத்துவிடுகிறது என்பதில் இருக்கிறது.

எல்லாச் சந்தேகத்தையும் எங்காவது அனுப்பியே தீர வேண்டும் என்று நினைத்துவிடக் கூடாது. ஏழு வாரத்தில் கரு 7 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்து இதயத் துடிப்பு தெரியாவிட்டால் போக வேண்டிய இடம், ஒரு வாரம் கழித்து அதே ஸ்கேன் அறை. முன்பு இதைவிடச் சிறிய அளவிலேயே கரு இறந்துவிட்டதாக எழுதும் வழக்கம் இருந்தது. 2011இல் டாம் போர்ன் குழுவினர், அந்த அளவில் உயிருள்ள கருவையும் தவறாகக் கலைத்துவிடும் வாய்ப்பு இருக்கிறது என்று காட்டிய பிறகுதான் பிரிட்டனில் 7 ஆனது. இங்கே பொறுமையே சிகிச்சை.

இதயத்தில் சின்ன வெண்புள்ளி என்று வருவதும் அப்படித்தான். இயல்பான கர்ப்பங்களில் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்தில் தெரியும். ஆசிய வம்சாவளியினரிடம் இன்னும் கூடுதலாகவே தெரியும். இதயத் தசைநாரில் படிந்த கால்சியம் அது. இதயத்தின் வேலையைத் துளியும் கெடுக்காது. மூளைக்குள் தெரியும் சிறு நீர்க்குமிழி பெரும்பாலும் ஏழாவது மாதத்துக்குள் தானே மறைந்துவிடும். முதல் மூன்று மாதத்தில் செய்யும் குரோமோசோம் ஸ்கிரீனிங் சரியாக இருந்து, வேறு எந்தக் குறையும் இல்லாமல் இவை தனியாக இருந்தால் எந்தத் துறைக்கும் அனுப்பத் தேவையில்லை. ஆனால் "இதயத்தில் புள்ளி" என்ற இரண்டு வார்த்தையை மட்டும் கேட்டுவிட்டு இரண்டு மாதம் சாப்பிடாமல் தூங்காமல் கிடந்த பெண்கள் எத்தனை பேர். வேண்டாத இடத்துக்கு அனுப்புவதும் பிழைதான். அதன் விலையையும் அவர்கள்தான் கொடுக்கிறார்கள். அங்கே உண்மையிலேயே இடம் வேண்டியவர்களின் வரிசையும் நீள்கிறது.

ஸ்கேன் அறையில் ஏன் யாரும் வாய் திறப்பதில்லை என்று குடும்பங்கள் கேட்கின்றன. ஒரு காரணம், சுவரில் மாட்டியிருக்கும் அந்தப் பலகை. 1994ஆம் ஆண்டுச் சட்டம் கருவின் பாலினத்தைச் சொல்வதைத் தடுக்கிறது. பெண் சிசுக்களைக் காக்க வந்த, மிகத் தேவையான சட்டம் அது. ஆனால் அந்தப் பயம் நாளடைவில் எதையுமே சொல்லாமல் இருக்கும் பழக்கமாக மாறிவிட்டது. குறைபாட்டைச் சொல்லக் கூடாது என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. குறைபாடுகளைக் கண்டறிவதற்குத்தான் அது ஸ்கேனை அனுமதிக்கவே செய்கிறது.

இன்னொரு சட்டம் நேரத்தை அளக்கிறது. 2008இல் மும்பையில் ஒரு தம்பதி, தங்கள் கருவின் இதயத்தில் கடுமையான கோளாறு இருப்பது இருபத்து நான்காவது வாரத்தில் தெரியவந்ததும் கருக்கலைப்புக்கு அனுமதி கேட்டு உயர்நீதிமன்றம் போனார்கள். அன்றைய வரம்பு 20 வாரம், அனுமதி கிடைக்கவில்லை. 2021இல் சட்டம் திருத்தப்பட்டது. குறிப்பிட்ட சில நிலைமைகளில் 24 வாரம்வரை இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு கருக்கலைப்பு செய்யலாம். கருவுக்குக் கணிசமான குறைபாடு இருப்பதாக மாநில மருத்துவக் குழு உறுதிசெய்தால் வார வரம்பே இல்லை. கோரிக்கை வந்த 3 நாளில் குழு கருத்துச் சொல்ல வேண்டும் என்று விதி சொல்கிறது. கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்பது அந்தப் பெண்ணும் குடும்பமும் எடுக்க வேண்டிய முடிவு. தொடர்கிறோம் என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி, யோசிக்க அவர்களுக்கு நாள் வேண்டும். நாம் வரிசையில் நிற்கவைத்துத் தின்ற நாட்கள் அவர்கள் யோசிப்பதற்கு இருந்த நாட்கள்.

என்ன செய்யலாம்? பெரிய கட்டிடம் ஏதும் கட்ட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ரிப்போர்ட்டோடு ஒரு கடிதம் போதும். "மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்" என்ற வழக்கமான ஒற்றை வரி வேண்டாம். என்ன பார்த்தோம், எவ்வளவு நிச்சயம், எந்த வாரம், அந்த வாரம் எதை வைத்துக் கணக்கிட்டது, எந்தத் துறை, எத்தனை நாளுக்குள், அங்கே யாரிடம் போனில் பேசினோம், முன்பு சிசேரியன் உண்டா, ரத்த வகை என்ன. படங்களை நகலெடுத்துக் கூடவே வைக்க வேண்டும். பெரிய மையத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தப் பத்து வரி ஒரு வாரத்தை மிச்சப்படுத்தும். கிராம சுகாதார செவிலியருக்கும் ஒரு பிரதி போய்விட்டால், அந்தப் பெண் போனாளா, போகாமல் வீட்டிலேயே அழுதுகொண்டிருக்கிறாளா என்று மூன்றாம் நாள் ஒருவர் வாசலில் வந்து நிற்பார்.

இதே கதையை இன்னொரு விதமாக நடத்திப் பார்ப்போம். ஸ்கேன் முடிகிறது. மருத்துவர் திரையைத் திருப்பவில்லை, எழுந்தும் போகவில்லை.

"உன் வீட்டுக்காரரையும் அத்தையையும் உள்ள கூப்பிடும்மா. உட்காரச் சொல்லு."

மூவரும் உட்கார்கிறார்கள்.

"பிள்ளை நல்லா வளர்ந்திருக்கு. இதயத்துல ரத்தக்குழாய் ரெண்டும் இடம் மாறி இருக்கோன்னு எனக்குச் சந்தேகம். நிச்சயமா சொல்றதுக்கு இதைத் தினமும் பார்க்கிறவங்க பார்க்கணும். வயித்துக்குள்ள இருக்கறவரைக்கும் அதுக்கு ஆபத்து இல்லை. உறுதியாச்சுன்னா, பிரசவத்தை எங்க வெச்சுக்கணும்னு அவங்க சொல்லுவாங்க. பிறந்ததும் ஆபரேஷன் செய்ற வியாதிதான் இது."

கணவன் தொண்டையைச் சரிசெய்துகொள்கிறான். "செலவு, டாக்டரம்மா?"

"முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல இந்த ஆபரேஷன் வரும். கார்டு இருக்கா? இல்லைன்னா இந்த மாசமே போட்டுடுங்க."

அவர் போனை எடுத்துப் பேசுகிறார். எதிர்முனையில் யாரோ தேதி சொல்கிறார்கள். உறையின் பின்பக்கத்தில், தமிழில், பெரிய எழுத்தில் எழுதுகிறார்: வியாழக்கிழமை, காலை எட்டு மணி. எந்தக் கட்டிடம், எந்த மாடி, எந்த அறை. யாரைக் கேட்க வேண்டும். காலையில் சாப்பிட்டுவிட்டே போகலாம். பழைய ரிப்போர்ட் எல்லாம் எடுத்துக்கொள்ளவும். கீழே தன்னுடைய போன் நம்பர்.

மாமியார் உறையை வாங்கி எழுத்துக்கூட்டிப் படிக்கிறார். "வியாழக்கிழமைன்னா நாளை மறுநாள்தானே?" என்கிறார். பிறகு மருமகளின் கையைப் பிடித்து எழுப்புகிறார். செய்யாறு பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.